நம்மிடம் வருபவர் மனவடுவை (கொடிய அனுபவம் மனத்தில் விட்ட காயத்தை) பற்றிப் பேசத் தொடங்கும்போது, கோச்சின் திறன்கள் எதுவரை உதவும்?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒன்பது ஆண்டுகளாக, நிறுவனங்களின் இடைநிலை மேலாளர்களுக்குக் கோச்சாக, அதாவது கேள்விகள் கேட்டு அவர்கள் தம் பணி இலக்கை எட்டத் துணைநிற்பவராக, பணிபுரிகிறேன். கடந்த மாதம் நடந்த ஒரு சந்திப்பு என் மனத்தை விட்டு அகலவில்லை. சம்பந்தப்பட்டவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

மாதந்தோறும் மேலதிகாரிகள் முன்னிலையில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் தடுமாறாமல் பேச வேண்டும் என்பது அந்தப் பெண்மணி வைத்திருந்த இலக்கு. முதல் மூன்று சந்திப்புகள் நன்றாகவே நடந்தன. நான்காவது சந்திப்பில், ஓர் அதிகாரி குரலை உயர்த்தியதும் தமக்கு நாக்கே எழவில்லை என்றார். அந்த நேரத்தில் உடம்பில் என்ன நடந்தது என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "சின்ன வயதில் அப்பா வீட்டுக்குள் நுழையும்போது கேட்கும் செருப்புச் சத்தம் கேட்டது போல இருந்தது" என்றார். அதன்பின் அம்மா அடிவாங்கியது, தம்பியை இழுத்துக்கொண்டு அறைக்குள் ஒளிந்தது என்று ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. நான் "அப்புறம் என்ன நடந்தது?" என்று மூன்று நான்கு முறை கேட்டேன். நாற்பது நிமிடங்கள் சென்றன. முடிக்கும்போது, வழக்கமாகக் கேட்பதைப் போல, "இந்த அனுபவம் உங்களுக்குக் கொடுத்த பலம் எது?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டார். மறுநாள், அடுத்த சந்திப்பை ரத்து செய்வதாக இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது.

நான் கற்ற எல்லாத் திறன்களையும் அன்று பயன்படுத்தியதாகவே நினைத்தேன். இடைமறிக்காமல் கேட்டேன், திறந்த கேள்விகளைக் கேட்டேன், அவர் சொன்ன சொற்களையே திருப்பிச் சொன்னேன். அப்படியானால் எங்கே தவறினேன்? இப்படிப்பட்ட வேளையில் நம் திறன்களுக்கு உண்மையிலேயே ஏதேனும் பயன் உண்டா, அல்லது மனவடு என்ற சொல் வந்ததுமே எழுந்து வழிவிடுவதுதான் நேர்மையா?

வைகைவடகரை (மருத்துவ உளவியலாளர்)

முதலில், இதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. உங்கள் அக்கறையில் குறை ஏதும் இல்லை என்றே நினைக்கிறேன். குறை, எந்தத் திறனை எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்பதில் இருக்கிறது.

"அப்புறம் என்ன நடந்தது?" என்பது வேலை சார்ந்த உரையாடலில் மிக நல்ல கேள்வி. மனவடு நினைவின் வாசலில் நிற்பவரிடம் அதே கேள்வி, அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துச் செல்கிறது. அச்சுறுத்தும் நினைவு, நேற்று நடந்ததை நினைவுகூர்வது போல அமைதியாக வருவதில்லை. ஓசை, வாசனை, உடல் உணர்வு என்று துண்டுதுண்டாக, இப்போதே நடப்பது போல வருகிறது. செருப்புச் சத்தம் என்று அவர் சொன்னதே அதற்குச் சான்று. ஒருவர் தாங்கக்கூடிய உணர்ச்சித் தளத்துக்கு மேலெல்லை, கீழெல்லை இரண்டும் உண்டு. டேனியல் சீகல் 1999இல் இதனைத் தாங்குதிறனின் சாளரம் என்று வர்ணித்தார். மேலெல்லையைத் தாண்டினால் படபடப்பு, நடுக்கம், மூச்சிரைப்பு. கீழெல்லையைத் தாண்டினால் மரத்துப்போதல், தட்டையான குரல், எங்கோ நிலைகுத்திய பார்வை. சாளரத்துக்கு வெளியே இருக்கும்போது ஒருவர் எவ்வளவு பேசினாலும் அந்தப் பேச்சு ஆறுதலாக மாறுவதில்லை.

கொட்டித் தீர்த்துவிட்டால் பாரம் குறையும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. பேரிடருக்குப் பின் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகளின் தொகுப்பு, அது பிற்காலப் பாதிப்பைத் தடுக்கவில்லை என்று காட்டியதால் இன்று அது பரிந்துரைக்கப்படுவதில்லை. மனவடுச் சிகிச்சையிலும் நினைவைத் தொடும் கட்டம் உண்டு. ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வகுத்துக் காட்டியபடி, பாதுகாப்பை நிலைநாட்டுவது முதலில், நினைவுகூர்ந்து துக்கப்படுவது அதன்பின், வாழ்வோடு மீண்டும் இணைவது மூன்றாவது. நீங்கள் முதல் கட்டத்தை அமைக்காமலேயே இரண்டாம் கட்டத்துக்குள் போய்விட்டீர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் 11ஆம் பதிப்பு, நீடித்த வன்முறைக்கு ஆளானவர்களிடம் காணப்படும் சிக்கலான மனவடு நிலையைத் தனியாகக் குறிப்பிடுகிறது. தான் மதிப்பற்றவர் என்ற ஆழ்ந்த எண்ணம், உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாமை, நெருக்கமான உறவுகளில் தடுமாற்றம் ஆகியவை அதன் கூறுகள். இவை உங்கள் அறைக்குள் வரும்போது "தன்னம்பிக்கைக் குறைவு", "நிர்வாகத் தோரணை போதவில்லை" என்ற பெயரில்தான் வரும். அவருக்கு இந்த நிலை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கொடுமையைக் கண்டவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளாவதில்லை. அதை முடிவுசெய்வது உங்கள் வேலையும் அன்று, இங்கிருந்து எழுதும் என் வேலையும் அன்று.

நொய்யல்_நடை

நானும் கோச். கோவையில் இருக்கிறேன். மேலே எழுதப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் "திறன்களுக்குப் பயன் உண்டா" என்ற கேள்விக்கு உண்டு என்று அழுத்தமாகவே சொல்வேன். நாம் திறன் என்று எதை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

1995இல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, 2019இல் ஒரு கோச்சுக்கு வேண்டிய தகுதிகளை எட்டாகத் தொகுத்து வெளியிட்டது. அவற்றில் கேள்வி கேட்பது ஒரு பகுதிதான். அதற்கு முன்பாகவே அறநெறி, ஒப்பந்தம் (எதற்காக, எந்த எல்லைக்குள் பேசுவோம் என்று முன்கூட்டியே உடன்படுவது), நம்பிக்கையும் பாதுகாப்பும், உடனிருத்தல் ஆகியவை வருகின்றன. கோச்சிங்குக்கும் உளவியல் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாட்டைக் காப்பதும், தேவைப்பட்டால் வேறு வல்லுநரிடம் அனுப்புவதும் முதல் தகுதிக்குள்ளேயே அடங்கும். பயிற்சி வகுப்புகளில் நாம் மணிக்கணக்கில் பழகுவது கேள்விகளை; ஒப்பந்தத்தை அரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம். மனவடு வெளிப்படும் நாளில் நம்மைத் தாங்குவது அந்த அரை மணி நேரத்துப் பாடம்தான்.

என் அனுபவத்தில் மிகவும் உதவுவது, அனுமதி கேட்கும் பழக்கம். அவர் செருப்புச் சத்தம் என்றதும் நான் இப்படிச் சொல்லியிருப்பேன்: "மிக முக்கியமான ஒன்றைச் சொல்கிறீர்கள். சற்று நிறுத்திக்கொள்ளலாமா? இதைப் பற்றி இன்று இங்கே பேச விரும்புகிறீர்களா, எந்த அளவுக்கு என்று நீங்களே முடிவுசெய்யலாம். விவரம் எதையும் எனக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை." இது எளிய வாக்கியம். ஆனால் சிறுவயதில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாமல் அறைக்குள் ஒளிந்திருந்த ஒருவருக்கு, பேசுவதையும் பேசாமல் இருப்பதையும் தாமே முடிவுசெய்யும் உரிமையை அது திருப்பித் தருகிறது.

அடுத்தது உடனிருத்தல். அவர் மூச்சு மேலோட்டமாகிறதா, பேச்சில் இறந்தகாலம் மறைந்து நிகழ்காலம் வருகிறதா, நான் அழைத்தால் திரும்பிப் பார்க்கிறாரா என்பதைக் கவனிக்க நமக்குப் பயிற்சி இருக்கிறது. "அப்பா உள்ளே வந்தார்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் "அப்பா வருகிறார்" என்று சொல்லத் தொடங்கினால், அவர் இப்போது என் அறையில் இல்லை என்று பொருள். அங்கே கேள்வியை விட்டுவிட்டு, பாதங்கள் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்வேன். அறையில் கண்ணில் படும் நான்கைந்து பொருள்களைச் சொல்லச் சொல்வேன். ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பேன். கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். கண்ணை மூடினால் சிலருக்கு அந்த வீடே திரும்பவும் வந்து நிற்கும்.

கடைசியாக நீங்கள் கேட்ட கேள்வியைப் பற்றி வருத்தத்தோடுதான் சொல்கிறேன். துன்பத்திலிருந்து பலம் பிறப்பது உண்டு. அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் உரிமை அந்தத் துன்பத்தைப் பட்டவருடையது. நாம் முந்திக்கொண்டு கேட்டால், பட்டது நல்லதற்கே என்று நாம் தீர்ப்பளித்தது போல ஆகிவிடுகிறது.

கூடல்_வாசி

நான் கோச் அல்லேன். ஒரு காலத்தில் கோச்சிங் பெற்றவள். இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள்கள் யோசித்தேன்.

எனக்கும் ஏறக்குறைய இதே போல நேர்ந்தது. நான் ஒரு விபத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னதும் என் கோச்சின் முகம் மாறிவிட்டது. "இது என் எல்லைக்கு அப்பாற்பட்டது, நீங்கள் ஓர் ஆலோசகரைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, உடனே அன்றைய பட்டியலுக்குத் திரும்பிவிட்டார். விதிப்படி அவர் செய்தது சரியாக இருக்கலாம். என் காதில் விழுந்தது வேறு. இதைச் சொன்னால் மனிதர்கள் விலகிப்போவார்கள் என்று பல ஆண்டுகளாக நான் நம்பியிருந்தது உண்மைதான் என்று உறுதியாயிற்று. அதன்பின் ஒரு சிகிச்சையாளரிடம் போக எனக்கு மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின.

ஆகவே, எழுந்து வழிவிடுவதுதான் நேர்மையா என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு ஒரு வேண்டுகோள்: வழிவிடுங்கள், ஆனால் எழுந்து போய்விடாதீர்கள்.

வடமராட்சிக்_காற்று

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உளசமூகப் பணியில் பல காலம் இருந்துவிட்டு, இப்போது தொழில்முனைவோர் சிலருக்குக் கோச்சிங் செய்கிறேன். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி வேறு முகத்தோடு வரும். போரையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் கடந்து வந்த ஊர்களில், வணிகத் திட்டத்தைப் பற்றிக் கதைக்க வந்தவர் இழப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவது விதிவிலக்கன்று. அதை எதிர்பார்த்தே உட்கார வேண்டும்.

நான் சேர்க்க விரும்புவது மொழியைப் பற்றியது. நம் மக்கள் "எனக்கு மனவடு இருக்கிறது" என்று சொல்லி வருவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, கைகால் சோர்ந்து போகிறது, பெருமூச்சு விட்டால்தான் ஆறுகிறது என்று உடம்பின் மொழியில்தான் சொல்வார்கள். கோச்சிங்கில் நாம் கற்ற ஒரு நல்ல பழக்கம், சொன்னவரின் சொல்லையே பயன்படுத்துவது. "நெஞ்சு அடைக்கிறது" என்றவரிடம் "பதற்றமா?" என்று கேட்டால் நம் சொல்லை அவர் வாயில் திணிக்கிறோம். "இப்போதும் அடைக்கிறதா? எது செய்தால் கொஞ்சம் விடும்?" என்று கேட்டால் அவர் தமக்குத் தெரிந்த வழியைச் சொல்வார். கோயிலுக்குப் போவது, கடற்கரையில் நடப்பது, அக்காவோடு தொலைபேசியில் கதைப்பது என்று அந்த வழி ஏற்கெனவே அவரிடம் இருக்கும். பொருநைக்கரை கேட்ட பலத்தைப் பற்றிய கேள்வியைவிட, இந்தச் சிறு கேள்வி பலத்துக்கு அருகில் கொண்டுபோகும்.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வேறு அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, சிகிச்சையாளர் அல்லாதவர்களுக்காகவே எழுதப்பட்டது. அதன் சாரம் மூன்று சொற்கள்: பார், கேள் (காதுகொடுத்து), இணை (தேவையான உதவியோடு). நடந்ததை விவரிக்கும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. முதல் இரண்டுக்கும் ஒரு கோச் ஏற்கெனவே பழகியிருக்கிறார். மூன்றாவதான இணைப்பதில்தான் நாம் பலவீனமாக இருக்கிறோம்.

நேர்_கோடு

எனக்கு இதில் மாறுபாடு உண்டு. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். கோச் என்று பெயர்ப்பலகை வைக்க எந்த உரிமமும் தேவையில்லை. வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு "மனவடு அறிந்த கோச்" என்று தம்மை அழைத்துக்கொள்பவர்கள் பெருகி வருகிறார்கள். இந்நிலையில், திறன்கள் உதவும் என்று நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் அவர்களுக்கு ஊக்கமாகிவிடும். எல்லையைக் கடுமையாக வைப்பதுதான் மக்களுக்குப் பாதுகாப்பு. பேச்சு அந்தத் திசையில் திரும்பியதும், கனிவோடு நிறுத்தி அனுப்பிவிட வேண்டும்.

வைகைவடகரை

நேர்_கோடு அவர்களின் அச்சம் நியாயமானது. அப்படிப்பட்டவர்களிடம் சென்று மேலும் உடைந்து என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லை என்பது எதைப் பேசலாம் என்பதில் இல்லை. என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. நினைவைத் தோண்டுவது, அதன் பொருளை விளக்குவது, நோயின் பெயரைச் சூட்டுவது, குணப்படுத்துவதாக வாக்களிப்பது ஆகிய நான்கையும் கோச் செய்யக் கூடாது. சொன்னதைக் கேட்டுக்கொள்வது, நம்புவது, நிலைப்படுத்துவது, அடுத்த படியை அவரோடு சேர்ந்து யோசிப்பது ஆகியவற்றை எந்தப் பொறுப்புள்ள மனிதரும் செய்யலாம், கோச் இன்னும் நன்றாகவே செய்யலாம்.

கூடல்_வாசி எழுதியதை ஒவ்வொரு கோச்சும் இரண்டு முறை படிக்க வேண்டும். அனுப்பிவைப்பது ஒரு வாக்கியத்தில் முடிகிற வேலை அன்று. நமக்குத் தெரிந்த இரண்டு மூன்று சிகிச்சையாளர்களின் விவரத்தை முன்கூட்டியே திரட்டி வைத்திருக்க வேண்டும். மனவடுவுக்குப் பயனுள்ள சிகிச்சைகள் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மனவடுவில் கவனம் செலுத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), ஈ.எம்.டி.ஆர் என்ற கண்ணசைவு முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. தொலைபேசியை எடுப்பதே ஒருவருக்கு மலையாக இருக்குமானால், அந்தச் சந்திப்பின் நேரத்திலேயே அழைப்பதற்கு உடனிருக்கலாம். கட்டணம் தடையென்றால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண் இருக்கிறது. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இரண்டு இடங்களில் மட்டும் நேர்_கோடு சொல்லும் கடுமை வேண்டும். வாழ்ந்து பயனில்லை என்ற தொனி வந்தால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது; கேட்கப்படாமல் போவதுதான் ஆபத்து. இருக்கிறது என்றால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மற்றொன்று, ஒரு குழந்தை இப்போது பாலியல் கொடுமைக்கு ஆளாவது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி அதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இரகசியம் காப்போம் என்ற வாக்கு அங்கே செல்லாது. அதனால்தான் இரகசியத்தின் எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடையாறு_மாலை

மனிதவளத் துறையில் இருக்கிறேன். ஒன்றே ஒன்று. கட்டணத்தை நிறுவனம் செலுத்தும்போது, கோச் எங்களுக்கு என்ன தெரிவிப்பார் என்பதை நிறுவனம், கோச், கோச்சிங் பெறுபவர் மூவரும் சேர்ந்து எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வந்தார், இலக்கு இது, இத்தனை சந்திப்புகள் நடந்தன என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தேவையில்லை. "தனிப்பட்ட சில சிக்கல்கள் இருக்கின்றன" என்று நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட ஒரு வரி, பதவி உயர்வுப் பட்டியலில் ஒருவரைப் பின்னுக்குத் தள்ளியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அந்த வரியை எந்த அறிக்கையிலும் நான் அனுமதிப்பதில்லை.

பொருநைக்கரை

ஒவ்வொரு பதிலையும் பலமுறை படித்தேன். கூடல்_வாசி, உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இப்போது எனக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான். அவருக்கு நான் எழுதலாமா? எழுதினால் அது அவரை மீண்டும் தொந்தரவு செய்வதாகுமா?

வைகைவடகரை

ஒரே ஒரு முறை எழுதுங்கள், சுருக்கமாக. அவர் சொன்ன விவரம் எதையும் அதில் குறிப்பிடாதீர்கள். அந்த மின்னஞ்சலை அலுவலகக் கணினியில் யார் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. நீங்கள் வேகமாகக் கொண்டுபோய்விட்டீர்கள் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். மன்னிப்பை யாசித்து, உங்களைத் தேற்றும் வேலையை அவர் தலையில் வைத்துவிடாதீர்கள். திரும்பி வருவதும் வராமல் இருப்பதும் அவர் விருப்பம் என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்_நடை

இதோடு இன்னொன்றும் செய்யுங்கள். நீங்கள் உங்கள் மேற்பார்வையாளரிடம் (கோச்சின் பணியை அவரோடு சேர்ந்து அலசும் மூத்த கோச்) இதைப் பேசியாக வேண்டும். "அப்புறம் என்ன நடந்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்கத் தூண்டியது எது என்று அங்கே பாருங்கள். எனக்கு ஒருமுறை இப்படி நேர்ந்தபோது, முழுக்கதையும் தெரிந்தால்தான் உதவ முடியும் என்ற என் சொந்தப் பதற்றமே அதற்குக் காரணம் என்று கண்டேன்.

பொருநைக்கரை

ஐந்து வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். அவர் அனுமதி கொடுத்த அளவுக்கு மட்டும்.

நான் ஐந்து வரி எழுதினேன். பன்னிரண்டு நாள்கள் கழித்துப் பதில் வந்தது. அதன்பின் மீண்டும் சந்திக்க வந்தவர், கதவைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டார். முன்பு நான்கு சந்திப்புகளிலும் கதவுக்கு முதுகைக் காட்டும் நாற்காலியை நானே அவருக்குக் காட்டியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் கால் மணி நேரம் ஒப்பந்தத்தைப் புதிதாகப் பேசினோம். பேச்சை எங்கே நிறுத்த வேண்டுமானாலும் மேசை மேல் கையை வைப்பதாக அவரே ஓர் அடையாளம் சொன்னார். "அன்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றிச் சொல்லவில்லை. பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்" என்றார். அந்த வாக்கியத்தை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் கொடுத்த மூன்று பெயர்களில் ஒருவரிடம் சிகிச்சைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். வீட்டைப் பற்றிய பேச்சு அங்கே. ஆய்வுக் கூட்டத்தைப் பற்றிய பேச்சு இங்கே. கூட்டத்தின் நிரலை முந்தைய நாளே கேட்டு வாங்குவது, கதவு தெரியும் இடத்தில் அமர்வது, குரல் உயர்ந்தால் "எண்களைச் சரிபார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் சொல்கிறேன்" என்று சொல்லி நேரம் எடுத்துக்கொள்வது என்று மூன்றை அவரே தேர்ந்தெடுத்திருக்கிறார். கடந்த கூட்டத்தில் மூன்றாவதை ஒருமுறை பயன்படுத்தினாராம். கை நடுங்கியது, ஆனால் குரல் வந்தது என்றார்.